எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்: ஃப்ரேம்வொர்க் காப்பாத்தாத இடங்களைக் கண்டுபிடிச்சு அடைக்கிறது எப்படி

தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் இருக்குற ஒரு ஜவுளி ஹோல்சேல் கடைக்கு நான் எழுதிக் குடுத்த ஆர்டர் சைட்டு திடீர்னு ஸ்லோ ஆச்சு. "இன்னா தம்பி, சைட்டு சுத்திக்கினே இருக்குது, வெளியூர் பார்ட்டிங்க போன் மேல போன் போடுறாங்க"ன்னு ஓனர் கூப்பிட்டாரு. சீசன் கூட்டம்னு நினைச்சு சர்வரைப் பெருசாக்கினேன், காசு போச்சு, ஸ்லோ போகல. ரெண்டாவது நாள் நைட்டு லாகைத் திறந்து பார்த்தா, ஆர்டர் லிஸ்ட் பக்கத்துல எந்த வரிசைல காட்டணும்னு வர்ற 'சார்ட்' பாராமீட்டர்ல ரேட்டு, தேதின்னு இருக்க வேண்டிய இடத்துல ஸ்லீப் 5ன்னு போட்டு ஒரு நீளமான கேள்வி இருந்தது, அதே மாதிரி ஆயிரக்கணக்குல. முதல் எழுத்து 'க'வா, இல்ல 'ச'வான்னு ஒவ்வொரு எழுத்தா கேட்டு, ஆமான்னா அஞ்சு செகண்டு தூங்கு, இல்லன்னா உடனே பதில் சொல்லுன்னு, யாரோ கஸ்டமர் டேபிளை உறிஞ்சிக்கிட்டு இருந்தாங்க. கடை பேரு, செல் நம்பர், யாருக்கு எவ்ளோ பாக்கி, எல்லாம் அதுல இருக்கு.

டேட்டாபேஸ்கிட்ட எஸ்க்யூஎல் மொழில கேக்குற கேள்விக்குள்ள (அதுதான் க்வெரி) வெளியாளு தன் கட்டளையைச் செருகுறதுக்குப் பேருதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். நான் எழுதினது லாராவெல்ல, அது பிஎச்பில சைட் எழுத உதவுற ஃப்ரேம்வொர்க், அதாவது பாதி வேலையை முன்னாடியே முடிச்சு வச்ச கோடு. ஃப்ரேம்வொர்க் யூஸ் பண்ணா இன்ஜெக்‌ஷன் வராதுன்னு படிச்ச காலத்துல இருந்து நம்பிக்கிட்டு இருந்தேன். அந்த நம்பிக்கைலதான் ஓட்டை இருந்தது. எல்லாத்தையும் தேடி அடைக்க எனக்கு 11 நாள் ஆச்சு, அதுல பாதி, எதை முதல்ல பண்றதுன்னு தெரியாம வீணாப் போனது. வரிசை தெரிஞ்சிருந்தா அஞ்சு நாள் வேலை. நம்ம பக்கம், பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டை, கொடுங்கையூர்ல இருந்து படிச்சு முடிச்சிட்டு முதல் கஸ்டமரா ஒரு ஜவுளிக் கடையோ லாரி புக்கிங் ஆபீஸோ ஸ்கேன் சென்டரோ பிடிக்கிற தம்பி தங்கச்சிங்க நிறைய பேரு, அவங்களுக்காகத்தான் இந்த வரிசை.

முதல்ல ஒரே ஒரு விஷயத்தை மனசுல ஏத்திக்கோங்க. பேங்க்ல பணம் கட்டுற சலான் இருக்குல்ல, அதுல அச்சடிச்ச வரி மாறாது, கட்டத்துக்குள்ள நீங்க என்ன எழுதினாலும் அது வெறும் பேரு, வெறும் தொகை. "இந்தப் பணத்தை வேற அக்கவுண்டுக்கு மாத்து"ன்னு பேரு கட்டத்துல எழுதினா, அப்படி ஒரு பேரு உள்ள ஆள்னு மட்டும்தான் ஆகும். ஃப்ரேம்வொர்க் போடுற ப்ளேஸ்ஹோல்டர் (மதிப்பு வந்து உட்காருற காலி இடம்) அந்தக் கட்டம் மாதிரி. ஆனா வெள்ளைப் பேப்பர்ல லெட்டர் எழுதும்போது நடுவுல வேற ஒருத்தர் சொல்றதைச் சொன்னபடி எழுதினா, அவர் சொன்னது எங்க முடியுது நீங்க எழுதினது எங்க ஆரம்பிக்குதுன்னு படிக்கிறவருக்குத் தெரியாது. ஸ்ட்ரிங்கை (எழுத்துத் துண்டை) ஒட்டி ஒட்டி க்வெரி எழுதுறது அதுதான். வேர் (where, எந்த ரெகார்டு வேணும்ங்குற கண்டிஷன்) பேரு = '...'ன்னு ஒட்டுற இடத்துல யாராவது ' ஆர் '1'='1 ன்னு அடிச்சா (ஆர்னா 'அல்லது'), 1=1 எப்பவும் உண்மைங்குறதால கண்டிஷனே மாறிப் போயி எல்லா ரெகார்டும் வந்துடும்.

இதுல எனக்குப் புரியாம போனது என்னன்னா, கட்டத்துக்குள்ள வைக்க முடியுறது மதிப்பு மட்டும்தான். டேபிள் பேரு, காலம் (column, டேபிளோட நெடுவரிசை) பேரு, ஏறுவரிசையா இறங்குவரிசையா, ஆண்ட்-ஆ (and) ஆர்-ஆ (or), இதெல்லாம் சலான்ல அச்சடிச்ச பகுதி, அதைக் கட்டத்துக்குள்ள போட டேட்டாபேஸே விடாது. அதனால அந்த இடத்துல யூசர் குடுத்தது வந்தா ஃப்ரேம்வொர்க் தானா காப்பாத்தும்னு நம்ப முடியாது. லாராவெல் கையேட்டுலயே இது இருக்கு, காலம் பேரை பிடிஓ (பிஎச்பி டேட்டாபேஸோட பேசுற பாகம்) பைண்ட் பண்ணாது, அதாவது கட்டத்துக்குள்ள வைக்காது, அதனால ஆர்டர் பை (வரிசைப்படுத்துற இடம்) உட்பட எந்தக் காலம் பேரையும் யூசர் முடிவு பண்ண விடாதேன்னு. நான் அந்தப் பக்கத்தை மேலோட்டமா படிச்சிட்டுப் போயிருந்தேன்.

1. எழுத்துல அனுமதி வாங்குங்க (அரை நாள், செலவு ஒரு பிரிண்ட்அவுட்)

நீங்களே எழுதின சைட்டா இருந்தாலும் சரி, உங்க மாமா கடையா இருந்தாலும் சரி, டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி பேப்பர் வேணும். ஐடி ஆக்ட் 2000-ல 43-வது பிரிவு, ஓனர் அனுமதி இல்லாம ஒரு கம்ப்யூட்டருக்குள்ள போறதையும் டேட்டா எடுக்குறதையும் தப்புன்னு சொல்லுது, அதையே கெட்ட நோக்கத்தோட பண்ணா 66-வது பிரிவுல 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 5 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். நோக்கம் நல்லதுன்னு பின்னாடி நிரூபிச்சிக்கிட்டு அலையுறதை விட முன்னாடியே ஒரு கையெழுத்து வாங்குறது சுலபம்.

கடை லெட்டர்ஹெட்ல இவ்ளோ இருந்தா போதும்: எந்த டொமைன், எந்த சர்வர், எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும், என்ன மாதிரி டெஸ்ட், டேட்டா காப்பி எங்க வைப்பீங்க, எப்போ அழிப்பீங்க, ஏதாவது நின்னு போனா யாருக்கு போன் பண்ணணும். ஓனர் கையெழுத்து, கடை சீல், ரெண்டு காப்பி, உங்ககிட்ட ஒண்ணு அவர்கிட்ட ஒண்ணு. பார்ட்னர்ஷிப் கடைன்னா உங்களுக்குப் பழக்கமான பார்ட்னர் கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க, இன்னொருத்தர் பின்னாடி "யாரைக் கேட்டு பண்ணே"ன்னு கேட்டா பேஜார். ஹோஸ்டிங் கம்பெனியோட விதிமுறையையும் ஒரு தடவை படிங்க, ஷேர்டு ஹோஸ்டிங்ல ஸ்கேனர் ஓட்டினா அக்கவுண்டை நிறுத்திடுற இடங்க உண்டு, ஏன்னா அதே மெஷின்ல வேற ஆளுங்க சைட்டும் ஓடுது.

2. காப்பி எடுத்து அதுல டெஸ்ட் பண்ணுங்க (ஒரு நாள்)

லைவ்ல கை வைக்கவே வைக்காதீங்க. ஏன்னு சொல்றேன். நீங்க ' ஆர் 1=1 ன்னு அடிக்கிற இடம் செலக்ட் (டேட்டாவைப் படிக்க மட்டும் செய்யுற) க்வெரின்னு நினைச்சு அடிப்பீங்க, ஆனா அதே இன்புட் உள்ள எங்கயோ ஒரு அப்டேட்டுக்கோ டிலீட்டுக்கோ போயிருக்கும், அப்போ ஒரு ஆள் பாக்கியை மாத்த வேண்டிய க்வெரி எல்லா ஆள் பாக்கியையும் மாத்திடும். டெஸ்ட் பண்றவங்களே டேட்டாவை அழிச்சிடுறது இப்படியும் நடக்கும்.

முதல்ல முழு பேக்கப். பேக்கப் எடுத்ததோட நிறுத்தாம அதை ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க, திறக்காத பேக்கப் இருந்தும் பிரயோஜனம் இல்ல. அப்புறம் உங்க லேப்டாப்லயே டாக்கர்ல (சைட்டைத் தனியா ஓட்டிப் பார்க்க உதவுற சாஃப்ட்வேர்) ஏத்துங்க, செலவு இல்ல. லேப்டாப்ல 4 ஜிபி ராம்தான்னா ஒரு மாசத்துக்குச் சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுங்க, எனக்கு ஐநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சது. காப்பில நிஜ செல் நம்பர், நிஜ பேரை எல்லாம் மாத்திடுங்க, டெஸ்ட் காப்பியே லீக் ஆச்சுன்னா அதுக்கும் பொறுப்பு நீங்கதான்.

இங்க நான் மாட்டின இடம் ஒண்ணு: எஸ்எம்எஸ் கேட்வே சாவியும் பேமெண்ட் சாவியும் என்வ் ஃபைல்ல (ரகசிய செட்டிங் எல்லாம் இருக்குற ஃபைல்) அப்படியே காப்பி ஆகி வந்திருந்தது. டெஸ்ட் ஆர்டர் போட்டப்ப மதுரைல ஒரு கடைக்காரருக்கு நிஜமாவே "உங்க ஆர்டர் அனுப்பப்பட்டது"ன்னு மெசேஜ் போச்சு, அவர் லாரி ஆபீஸ்ல போய் பார்சல் கேட்டுட்டு வந்திருக்காரு. காப்பி எடுத்த அடுத்த நிமிஷம் அந்தச் சாவி எல்லாத்தையும் காலி பண்ணுங்க.

3. வெர்ஷனைப் பாருங்க (ரெண்டு மணி நேரம்)

உங்க கோட்ல தப்பே இல்லன்னாலும் ஃப்ரேம்வொர்க்குக்குள்ளயே ஓட்டை இருந்திருக்கு. பிஎச்பின்னா கம்போஸர் ஆடிட், நோட்னா என்பிஎம் ஆடிட், பைத்தான்னா பிப் ஆடிட், மூணும் ஃப்ரீ, கமாண்டு ஒண்ணு அடிச்சா தெரிஞ்ச ஓட்டை உள்ள பேக்கேஜ் எல்லாம் லிஸ்ட்டா வரும். பெருசோ சின்னதோ, டேட்டாபேஸைத் தொடுற பேக்கேஜ்ல வந்ததை முதல்ல எடுங்க.

சில உதாரணம் பாருங்க, எல்லாத்துலயும் ஒரே குணம் தெரியும். 2014 அக்டோபர் 15 அன்னைக்கு ட்ருபல் 7-ல (சைட் நடத்த உதவுற ரெடிமேட் சாஃப்ட்வேர்) ஒரு ஓட்டையை அடைச்சு 7.32 விட்டாங்க. இன்ஜெக்‌ஷனைத் தடுக்கணும்னே எழுதின லேயர்லயே ஓட்டை. ஒரு லிஸ்ட்டா இன்புட் வந்தா அந்த லிஸ்ட்டோட மதிப்பை ஒழுங்கா கட்டத்துக்குள்ள போட்டாங்க, ஆனா லிஸ்ட்டோட கீயை, அதாவது 0, 1ன்னு இருக்க வேண்டியதை, ப்ளேஸ்ஹோல்டர் பேரு உண்டாக்குறதுக்கு அப்படியே க்வெரில ஒட்டிட்டாங்க. கீயை யூசர் மாத்தி அனுப்பலாம்ல, அவ்ளோதான், லாகின் பண்ணாமலே உள்ள போக முடிஞ்சது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள்ள அப்டேட் பண்ணாத சைட் எல்லாம் போச்சுன்னே வச்சிக்கோங்கன்னு ட்ருபல் டீமே பின்னாடி சொல்லிச்சு. ஏழு மணி நேரம்னா நாம நைட்டு தூங்கி எழுந்திருக்குற நேரம்.

பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோல 2021 ஜூலைல ஆர்டர் பைல யூசர் குடுத்த காலம் பேரு வழியா ஒரு ஓட்டை, 3.1.13, 3.2.5-ல அடைச்சாங்க. 2022 ஏப்ரல்ல அனோடேட், அக்ரிகேட், எக்ஸ்ட்ராங்குற ஃபங்ஷன்களுக்கு ரெண்டு ஸ்டார் போட்டு, கீயும் மதிப்பும் ஜோடியா இருக்குற டிக்‌ஷனரியை விரிச்சுக் குடுத்தா அதோட கீ காலம் அலியாஸா (மாத்துப் பேரா) போகுற வழியில ஒண்ணு. 2025 நவம்பர்ல ஃபில்டருக்கு அதே மாதிரி டிக்‌ஷனரி விரிக்கும்போது கனெக்டர்ங்குற உள் பாராமீட்டரையே வெளியாளு குடுக்க முடியுற ஒண்ணு, ஆண்ட்-ஆ ஆர்-ஆங்குறதைத் தீர்மானிக்கிற இடம் அது, 4.2.26, 5.1.14, 5.2.8-ல அடைச்சாங்க. கவனிச்சீங்களா, ஒண்ணுகூட மதிப்பு வழியா வரல. கீ, அலியாஸ், காலம் பேரு, இணைப்பு வார்த்தை, எல்லாமே சலான்ல அச்சடிச்ச பகுதி. அதனால ரிக்வெஸ்ட்ல வர்ற டிக்‌ஷனரியை அப்படியே ஃபில்டருக்குள்ள விரிக்கிற பழக்கத்தை இன்னைக்கே விடுங்க, வெர்ஷன் புதுசா இருந்தாலும்.

அப்டேட்டை லைவ்ல நேரா போடாதீங்க, காப்பில போட்டு பில்லு, ஆர்டர், ரிப்போர்ட் மூணும் ஓடுதான்னு பார்த்துட்டுப் போடுங்க. சப்போர்ட் முடிஞ்சு போன பழைய வெர்ஷன்னா அது தனி வேலை, தனி காசுன்னு கஸ்டமர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

4. கோட்ல தேடுங்க (ஒரு நாள், இதுதான் முக்கியமான நாள்)

டூல் ஓட்டுறதுக்கு முன்னாடி கோடைப் படிங்க. எனக்கு சோர்ஸ் கோடு கைல இருந்தும் முதல் நாலு நாள் ஸ்கேனரை ஓட்டிட்டு உட்கார்ந்திருந்தேன், அது ஒண்ணும் கண்டுபிடிக்கல. அப்புறம் தேடுற கமாண்டு போட்டு 'ரா'ன்னு (raw, க்வெரியை நாமளே அப்படியே எழுதி அனுப்புற வசதி) தேடினேன், நாப்பது நிமிஷத்துல ஏழு இடம் கிடைச்சது.

என்ன தேடணும்னா:

லாராவெல்ல பேருல 'ரா' வர்ற எல்லாம், டிபி ரா, செலக்ட்ரா, வேர்ரா, ஹேவிங்ரா, ஆர்டர்பைரா, க்ரூப்பைரா, கூடவே அன்ப்ரிப்பேர்டு. ரா இருந்தாலே தப்புன்னு இல்ல, அதுக்குள்ள வேரியபிள் ஒட்டியிருந்தாதான் தப்பு. ஜாங்கோல ரா, எக்ஸ்ட்ரா, ராஎஸ்க்யூஎல், அப்புறம் கர்சர் எக்ஸிக்யூட்டுக்குள்ள எஃப் ஸ்ட்ரிங்கோ பர்சென்ட் குறி போட்டு ஒட்டினதோ இருக்கான்னு. ரெயில்ஸ்ல வேர், ஆர்டருக்குள்ள ஸ்ட்ரிங் இன்டர்பொலேஷன், ஃபைண்ட் பை எஸ்க்யூஎல், ஏரெல் எஸ்க்யூஎல்னு சுத்திப் போட்ட இடம். நோட்ல சீக்வலைஸ் லிட்டரல், நெக்ஸ் ரா, ப்ரிஸ்மால க்வெரிரா அன்சேஃப், பேருலயே அன்சேஃப்னு வச்சிருக்காங்க, இருந்தும் நிறைய பேரு போடுறாங்க. ஸ்ப்ரிங்னா நேட்டிவ் க்வெரிக்குள்ள ப்ளஸ் குறி.

வேர்ட்பிரஸ் ப்ளகின் எழுதுறவங்களுக்கு ஒரு பொறி. ப்ளேஸ்ஹோல்டர் வைக்கிற ஃபங்ஷனான டபிள்யூபிடிபி ப்ரிப்பேர் போட்டிருப்பாங்க, பார்த்தா பாதுகாப்பா தெரியும், ஆனா ப்ரிப்பேருக்குள்ள குடுக்குற ஸ்ட்ரிங்லயே முன்னாடி வேரியபிளை ஒட்டி வச்சிருப்பாங்க. கட்டத்தை விட்டுட்டு அச்சுலயே எழுதிட்டு, மேல ப்ரிப்பேர்னு பேரு மட்டும் போட்டா என்ன பிரயோஜனம். பர்சென்ட் எஸ், பர்சென்ட் டிங்குற ப்ளேஸ்ஹோல்டர் இருக்குதான்னு பாருங்க. டேபிள், காலம் பேருக்குன்னு வேர்ட்பிரஸ் 6.2-ல இருந்து பர்சென்ட் ஐ வந்திருக்கு.

எங்க தேடணுங்குறதுலயும் ஒரு அனுபவம். லாகின் பக்கத்தை எல்லாரும் ஒழுங்கா எழுதியிருப்பாங்க, ஏன்னா பாடம் நடத்தும்போது அதைத்தான் காட்டுவாங்க. ஓட்டை இருக்குறது ரிப்போர்ட்ல, எக்செல் எக்ஸ்போர்ட்ல, ஃபில்டர் பக்கத்துல, அட்மின் தேடல்ல, மொபைல் ஆப்புக்குன்னு அவசரமா எழுதின ஏபிஐல (ஆப்பும் சர்வரும் பேசிக்கிற வழி). ஏழுல அஞ்சு எனக்கு ரிப்போர்ட்ல கிடைச்சது. "சாயங்காலத்துக்குள்ள வேணும்"னு கஸ்டமர் கேட்டு எழுதின பக்கம் எதுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க, அங்க இருந்து ஆரம்பிங்க.

இன்னொண்ணு, டேட்டாபேஸ்ல இருந்து வர்றதையும் சந்தேகப்படுங்க. பேரைச் சேவ் பண்ணும்போது ஒழுங்கா ப்ளேஸ்ஹோல்டர் போட்டுச் சேவ் பண்ணியிருப்பீங்க. மூணு மாசம் கழிச்சு அந்தப் பேரை டேபிள்ல இருந்து எடுத்து, நம்ம டேட்டாதானேன்னு இன்னொரு க்வெரில ஒட்டுவீங்க. உள்ள உட்கார்ந்திருந்தது அப்போதான் வெடிக்கும். ஸ்டோர்டு ப்ரொசீஜருக்குள்ளயும் (டேட்டாபேஸுக்குள்ளயே எழுதி வச்ச கோடு) ஸ்ட்ரிங் ஒட்டி எக்ஸிக்யூட் பண்ற கோடு இருக்கும், அதையும் திறந்து பாருங்க.

5. அடைக்கிறது (ஒண்ணு, ஒன்றரை நாள்)

மதிப்பா இருந்தா ப்ளேஸ்ஹோல்டர், வேற பேச்சே வேணாம். எஸ்கேப் பண்றேன், கோட் குறியை (') எடுத்துடுறேன், யூனியன், செலக்ட்னு வார்த்தை வந்தா தடுக்கறேன்னு போகாதீங்க. ராயபுரம், பெரம்பூர் பக்கம் ரெயில்வே காலனி குடும்பங்கள்ல டி'க்ரூஸ், டி'சில்வான்னு பேரு இருக்கும், நான் ஆரம்பத்துல கோட் குறியைத் தடை பண்ணி ஒரு ஃபார்ம் எழுதினேன், பாவம் அந்த அம்மா தன் பேரை அடிக்கும்போதெல்லாம் 'தவறான எழுத்து'ன்னு வந்தது, அவங்க பேருல என்ன தப்பு? அதே சமயம் நம்பர் வர்ற இடத்துல கோட் குறியே தேவையில்ல, அது இல்லாமலே இன்ஜெக்ட் பண்ணலாம். நல்லவங்களை நிறுத்தி, வர வேண்டாதவங்களை விடுற தடுப்பு அது.

காலம் பேருக்கு ஒரு மேப் போடுங்க. வெளிய இருந்து 'ரேட்', 'தேதி', 'பாக்கி'ன்னு மூணு சொல்லு மட்டும்தான் வரலாம், ஒவ்வொண்ணுக்கும் எந்தக் காலம்னு உங்க கோட்ல எழுதி வச்சிருக்கணும், லிஸ்ட்ல இல்லாதது வந்தா டீஃபால்ட்டா தேதி. யூசர் குடுத்த சொல்லு க்வெரிக்குள்ள போகவே கூடாது, அதைப் பார்த்து நீங்க எழுதி வச்ச சொல்லுதான் போகணும். ஏறுவரிசை இறங்குவரிசைக்கும் அதே, 'டெஸ்க்'னு (desc, இறங்குவரிசை) வந்தா டெஸ்க், வேற எது வந்தாலும் ஆஸ்க் (asc, ஏறுவரிசை). ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனி டேபிள் வச்சு டேபிள் பேரை யுஆர்எல்ல இருந்து எடுக்குற சைட்டும் பார்த்திருக்கேன், அதுக்கும் இதே மேப்தான்.

இன் (in, 'இதுல ஏதாவது ஒண்ணு'ங்குற கண்டிஷன்) லிஸ்ட்டுக்கு, பத்து ஐடி இருந்தா பத்து ப்ளேஸ்ஹோல்டர், கமா போட்டு ஒட்டாதீங்க, லிஸ்ட் காலியா வந்தா க்வெரி ஓட்டாமலே காலி பதில் குடுங்க. லிமிட்டுக்கு முழு எண்ணா மாத்தி, மேல ஒரு உச்சவரம்பும் வைங்க. லைக் தேடல்ல ப்ளேஸ்ஹோல்டர் போட்டாலும் பர்சென்ட் (எந்த எழுத்தும், எத்தனையும்), அண்டர்ஸ்கோர் (ஏதாவது ஒரு எழுத்து) ரெண்டும் அதோட அர்த்தத்தோடதான் போகும், இன்ஜெக்‌ஷன் ஆகாது ஆனா வெறும் பர்சென்ட் அடிச்சா மொத்த டேபிளும் வந்து நிக்கும்.

நோட், எக்ஸ்பிரஸ்ல எழுதுறவங்க டைப்பைப் பாருங்க. பாஸ்வேர்டு ஸ்ட்ரிங்கா வரும்னு நினைப்பீங்க, ஜேசான்ல ஆப்ஜெக்டா அனுப்பினா மைஎஸ்க்யூஎல் பேக்கேஜ் அதை விரிச்சு காலம் = மதிப்புன்னு எழுதும், ப்ளேஸ்ஹோல்டர் இருந்தும் கண்டிஷன் எப்பவும் உண்மையாகிடும். ஸ்ட்ரிங்கான்னு செக் பண்ணிட்டு உள்ள விடுங்க. மாங்கோடிபிலயும் இதே கதைதான், 'சமம் இல்ல'ங்குற ஆபரேட்டரை ஆப்ஜெக்டா அனுப்பி லாகினைத் தாண்டுவாங்க, எஸ்க்யூஎல் இல்லாததால தப்பிச்சோம்னு இருக்க முடியாது.

6. இப்போ டெஸ்ட் பண்ணுங்க (ஒரு நாள்)

கையால ஆரம்பிங்க, மூணு சோதனை போதும். ஒண்ணு, டெக்ஸ்ட் வர்ற இடத்துல ஒத்தைக் கோட் குறி, 500 எரர் வந்தா சந்தேகம். ரெண்டு, யுஆர்எல்ல ஐடி 10ன்னு இருக்குற இடத்துல 11-1 ன்னு குடுங்க, பத்தாவது ரெகார்டு வந்தா டேட்டாபேஸ் உங்க கழித்தலைப் போட்டுக் கணக்கு பண்ணியிருக்கு, ஓட்டை உறுதி. மூணு, சார்ட் பாராமீட்டர்ல இல்லாத ஒரு காலம் பேரை, உதாரணமா 'வாழைப்பழம்'னு குடுங்க, எரர் வந்தா நீங்க குடுத்த பேரு நேரா க்வெரிக்குப் போகுதுன்னு அர்த்தம், மேப் போட்ட பக்கம்னா அமைதியா தேதி வரிசைல வரும். என் சைட்டுல அந்த மூணாவது சோதனையை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பண்ணியிருந்தா அந்த ரெண்டு நைட்டு நடந்திருக்காது.

அப்புறம் எஸ்க்யூஎல்மேப், இந்த ஓட்டையைத் தானா தேடுற ஃப்ரீ டூல், காப்பி மேல மட்டும். எடுத்த உடனே லெவலையும் (எத்தனை இடத்துல தேடணும்) ரிஸ்க்கையும் (எவ்ளோ ஆபத்தான சோதனை) ஏத்தாதீங்க, ரெண்டும் டீஃபால்ட்டா 1. லெவல் 2-ல குக்கியையும் 3-ல யூசர் ஏஜென்ட், ரெஃபரரையும் பார்க்கும். ரிஸ்க் 3-ல ஆர் வச்சு டெஸ்ட் பண்ணும், அதைத்தான் ரெண்டாவது படில சொன்னேன், அப்டேட் க்வெரில மாட்டினா டேபிளே போயிடும். லாகினுக்கு உள்ள இருக்குற பக்கத்துக்கு குக்கி குடுக்கலன்னா அது லாகின் பக்கத்தையே நூறு தடவை டெஸ்ட் பண்ணிட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லும், நான் நாலு நாள் ஏமாந்தது அப்படித்தான். டூல் இல்லன்னு சொன்னா அதுக்கு கிடைக்கலன்னு மட்டும்தான் அர்த்தம்.

கைப்பழக்கம் வேணும்னா டிவிடபிள்யூஏ, ஜூஸ் ஷாப் ரெண்டும் வேணும்னே ஓட்டையோட எழுதின சைட்டு, லேப்டாப்ல ஏத்தி விளையாடலாம். போர்ட்ஸ்விக்கரோட வெப் செக்யூரிட்டி அகாடமில எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்குன்னு தனிப் பாடமும் லேபும் இருக்கு, எல்லாம் ஃப்ரீ. இதுக்குன்னு இருபதாயிரம், முப்பதாயிரம் கட்டி கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் இதுல உட்காருங்க.

7. டேட்டாபேஸ் யூசர், டீபக் (ரெண்டு மணி நேரம்)

ஆப் ரூட் யூசரா கனெக்ட் ஆகுதான்னு பாருங்க, ஆச்சுன்னா இன்னைக்கே மாத்துங்க. சைட்டுக்கு ஒரு யூசர், அதுக்கு அந்த ஒரு டேட்டாபேஸ்ல செலக்ட், இன்சர்ட், அப்டேட், தேவைன்னா டிலீட். ரிப்போர்ட்டுக்கு வெறும் செலக்ட் உள்ள தனி யூசர். டேபிள் மாத்துற உரிமை மைக்ரேஷன் ஓட்டுற யூசருக்கு மட்டும். மைஎஸ்க்யூஎல்ல ஃபைல் உரிமை யாருக்கும் வேணாம், அது இருந்தா இன்ஜெக்‌ஷன் வழியா சர்வர் ஃபைலையே படிக்கலாம். இதெல்லாம் ஓட்டையை அடைக்காது, ஓட்டை இருந்தாலும் எவ்ளோ போகும்ங்குறதைக் குறைக்கும். லைவ்ல டீபக் ஆஃப். எரர் பக்கத்துல க்வெரியும் டேபிள் பேரும் தெரிஞ்சா, எழுத்து எழுத்தா கேட்டுக் கஷ்டப்பட வேண்டிய ஆளுக்கு நாமளே வரைபடம் குடுத்த மாதிரி.

வெப் ஃபயர்வால் (சந்தேகமான ரிக்வெஸ்ட்டை வாசல்லயே நிறுத்துற தடுப்பு) போட்டா போதாதான்னு கேப்பீங்க. அவசரத்துக்கு ரெண்டு நாள் கிடைக்கும், நானும் அன்னைக்கு நைட்டு போட்டேன். கோடைச் சரி பண்ணாம அதை மட்டும் வச்சு மாசாமாசம் காசு கட்டாதீங்க.

8. ஏற்கெனவே போயிடுச்சுன்னா

லாகை அழிக்காதீங்க, சர்வரை ஃபார்மேட் பண்ணாதீங்க. முதல்ல அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்தி, லாகையும் டிஸ்க்கையும் காப்பி எடுத்து வைங்க, அப்புறம் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி, அட்மின் பாஸ்வேர்டு எல்லாம் மாத்துங்க.

2022 ஏப்ரல் 28-ல செர்ட்-இன் (கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குத் தெரியப்படுத்தணும், லாகை 180 நாள் வச்சிருக்கணும். சின்னக் கடைக்கு எதுக்குன்னு விட்டுடாதீங்க, உத்தரவுல பாடி கார்ப்பரேட்டுங்குற வார்த்தை இருக்கு, ஐடி ஆக்ட்ல அந்த வார்த்தைக்கு விளக்கம் எழுதின இடத்துல தனி ஓனர் வியாபாரத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தாங்க. 2023-ல வந்த டிஜிட்டல் பர்சனல் டேட்டா ப்ரொடெக்‌ஷன் சட்டத்துல, பாதுகாப்பு ஏற்பாடு பண்ணத் தவறினா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம்னு இருக்கு. அதனால கடையோட ஆடிட்டரையோ வக்கீலையோ அன்னைக்கே கூப்பிட்டு உட்கார வச்சிடுங்க. ரிப்போர்ட்டுக்குத் தேவைப்படுறது: எப்போ தெரிஞ்சது, எந்த சர்வர், எந்த ஐபில இருந்து, என்ன டேட்டா போயிருக்கலாம், என்ன பண்ணீங்க. முன்னாடியே ஒரு பேப்பர்ல இந்த அஞ்சு தலைப்பு எழுதி வச்சா ஆறு மணி நேரம் போதும், இல்லன்னா அந்த நேரத்துல லாக் எங்க இருக்குன்னு தேடுறதுக்கே சரியாகிடும். பணம் போயிருந்தா சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு உடனே போன்.

ஓனர்கிட்ட மறைக்காதீங்க. நான் மறுநாள் காலைல கடை திறக்குறதுக்கு முன்னாடி போய், ஷட்டர் பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல அவரு. அப்புறம் "எந்தெந்தப் பார்ட்டின்னு லிஸ்ட்டு எடு தம்பி, நானே போன் பண்றேன்"னாரு. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து முந்நூறுக்கு மேல போன் பண்ணி, யாராவது நம்ம பேரைச் சொல்லி பாக்கியை வேற அக்கவுண்டுக்குக் கட்டச் சொன்னா கட்டாதீங்கன்னு சொன்னோம். அதுல ஒருத்தருக்கு அன்னைக்குக் காலைலயே அப்படி ஒரு போன் வந்திருந்தது, கட்டறதுக்கு முன்னாடி நாங்க பேசிட்டோம்.

காசு, நாள் கணக்கு

சின்னக் கடை சைட்டு, முப்பது நாப்பது பக்கம்னா, மேல சொன்ன எல்லாம் சேர்த்து ஒரு ஆள் அஞ்சு நாள். டூலுக்குச் செலவு இல்ல, விபிஎஸ், பிரிண்ட்அவுட், போக வர சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ள. சர்டிஃபிகேட் வேணும்னு பெரிய கம்பெனியோ அரசு ஆபீஸோ கேட்டா அது நீங்க குடுக்க முடியாது, செர்ட்-இன் அங்கீகாரம் பெற்ற ஆடிட்டர்தான் குடுக்கணும், லிஸ்ட் அவங்க சைட்டுல இருக்கு, குறைஞ்சது மூணு பேருகிட்ட கொட்டேஷன் வாங்குங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி இந்த எட்டையும் முடிச்சு வச்சிருந்தா மறு ஆடிட்டுக்குத் தனிக் காசு குடுக்குறது மிச்சம்.

புது கஸ்டமர் பிடிக்கும்போது கொட்டேஷன்லயே 'பாதுகாப்பு சோதனை, 5 நாள்'னு தனி வரி போடுங்க, அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒரு நாள் வேலைன்னு இன்னொரு வரி. நான் இப்போ சீசனுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒண்ணு, பொங்கல் முடிஞ்சதும் ஒண்ணுன்னு வச்சிருக்கேன், சீசன் நடுவுல யாரும் சைட்டைத் தொட விட மாட்டாங்க.